வாவிக்கரையில் ஒதுங்கிடம்: கொங்கிறீட் மண்டபமா, வாடியா, பரணா?

மட்டக்களப்பு வாவியின் கரைகளிலும் அதற்கப்பால் மேற்குக் கரையான படுவான்கரையில் விரியும் வயல்வட்டைகளிலும், பத்துப் பேர் அமர்ந்து இளைப்பாறக்கூடிய சிறிய ஒதுங்கிடங்களை அமைக்க வேண்டும் என்ற பேச்சு ஊர்ச் சங்கங்களில் அவ்வப்போது எழுவதுண்டு. அப்பேச்சு பெரும்பாலும் செலவையும் உறுதியையும் சுற்றியே முடிந்துவிடுகிறது. அங்கே அமர்பவர் எதைப் பார்ப்பார், எந்தக் காற்று அவர்மேல் படும், மழை பெய்கையில் அவர் காதில் என்ன விழும் என்பவற்றை யாரும் கேட்பதில்லை. இம்மூன்றையும் முன்வைத்தே கொங்கிறீட் மண்டபம், சுவரின்றித் தூண்களில் நிற்கும், கூரை தாழ்ந்த குடிலான வாடி, கால்களில் உயர்ந்த பரண் ஆகியவற்றை இங்கு ஒப்பிடுகிறேன்.

முதலில் இடத்தின் இயல்பைச் சொல்லியாக வேண்டும். மட்டக்களப்பு நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 7.7 பாகை வடக்கே உள்ளது. ஆகையால் ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் வெயில் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் சூரியன் சற்று வடக்கேயும், ஏனைய மாதங்களில் தெற்கேயும் சாயும். மாரி மழை பெரும்பாலும் ஒக்டோபர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி வரை, வடகீழ்த் திசையிலிருந்து வாடைக்காற்றோடு சாய்ந்து வரும். கோடையில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் வறண்டது, வெப்பமானது. வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் வாவியைப் பார்த்து அமர்பவர் மேற்கு நோக்கியே அமர்கிறார். அவர் முகத்தில் பிற்பகல் வெயிலும், அந்த வெயில் நீரில் பட்டுத் தெறிக்கும் கூச்சமும் சேர்ந்தே விழும். இந்தக் கூச்சத்தை வெல்லாத எந்தக் கட்டடமும் எழுவான்கரையில் வாவியைக் காட்டாது என்பதே என் துணிபு.

கொங்கிறீட் மண்டபத்தின் பலத்தை மறுப்பதற்கில்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் தென்னந்தோப்புகள் முறிந்து வீழ்ந்ததையும், 2004 டிசெம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்ததையும் கண்ட மக்கள், எதைக் கட்டினாலும் அது நிற்குமா என்று முதலில் கேட்பது முற்றிலும் நியாயமானது. கறையானும் அதனை அரிக்காது. ஆனால் வீதியோரத்தில் நாம் வழக்கமாகக் காணும் வடிவத்தில், மூன்று பக்கமும் சுவர் எழுந்து, திறந்த பக்கம் வீதியை நோக்கியிருக்கும். வாவி முதுகுச் சுவருக்குப் பின்னால் போய்விடும். தட்டைக் கூரை பகல் முழுவதும் வாங்கிய சூட்டை, மக்கள் காற்று வாங்க வருகின்ற மாலை வேளையில்தான் கீழே விடுகிறது. செலவைக் குறைக்கத் தகரம் போட்டால், மாரி மழையின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவரோடு பேசவும் முடியாது.

வாடியின் சிறப்பு அதன் கூரைச் சாய்வில் இருக்கிறது. கிடுகோ (பின்னிய தென்னோலை) இலுக்குப் புல்லோ வேய்ந்த கூரையில் நீர் தங்காமல் வழிய வேண்டுமானால், ஏறக்குறைய 45 பாகை சரிவு தேவை. 12 அடி அகலமான வாடிக்கு இருபுறமும் 3 அடி தாழ்வாரம் விட்டால், நடுவிலிருந்து கூரை விளிம்பு வரை 9 அடி. அதே அளவு கூரை கீழே இறங்குவதால், முகடு 14 அடியில் இருந்தால் விளிம்பு 5 அடியில் வந்து நிற்கும். ஒன்றரை அடித் திண்ணையில் அமர்ந்தவரின் கண் ஏறத்தாழ 4 அடியில் இருக்கும். ஆகவே வாடியின் நடுவில் இருப்பவருக்கு, மேற்கே சாயும் சூரியன் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 6 பாகை அளவுக்குத் தாழ்ந்த பின்னர்தான் கண்ணில் படும். அதாவது நேர் வெயில் கண்ணில் படுவது, அந்தி சாய்வதற்கு முன் அரை மணி நேரத்துக்கும் குறைவாகவே. 15 பாகைச் சரிவில், 10 அடி முகட்டோடு தகரம் போட்ட மண்டபத்தில் விளிம்பு ஏழரை அடிக்கு மேலே நிற்கும். அங்கே அதே இடத்தில் இருப்பவரின் கண்ணை வெயில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் குத்தும். தகரத்தையும் தாழ்த்தலாமே என்று கேட்கலாம். தாழ்த்தினால் முகடே ஏழரை அடிக்கு இறங்கி, சுட்ட தகரம் தலைக்கு மேலே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

5 அடி விளிம்பினால் இன்னொரு நன்மையும் உண்டு. உள்ளே நுழைபவர் தலையைக் குனிந்தே ஆக வேண்டும். குனிந்து நிமிர்ந்து அமரும்போது மேலே வெளுத்த வானம் மறைந்து, நீரும் கண்டல் மரங்களும் வலை வீசும் தோணியும் எதிர்க்கரையும் மட்டும் ஒரு நீண்ட பட்டையாகத் தெரியும். 1948இல் பென்தொட்டைக்கு அருகே லுணுகங்கைத் தோட்டத்தை வாங்கிய கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, தொலைவுக் காட்சியைத் திறப்பதற்காக ஒரு குன்றின் முகட்டையே வெட்டித் தாழ்த்தினார். நமது நிலம் சமதரை. வெட்டுவதற்குக் குன்று இல்லை. இங்கே காட்சியை ஆளும் கருவி கூரை விளிம்பின் உயரமும் கண்ணின் உயரமுமே.

வாடியின் குறைகள் சிறியவை அல்ல. கிடுகை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தீ பிடிக்கும், புயலுக்குத் தாங்காது. வேய்வதற்கு ஆளும் பொறுப்பும் இல்லாத ஊரில் வாடி மூன்றாம் மாரியில் எலும்புக்கூடாகிவிடும். அத்தகைய இடத்தில் 30 பாகைச் சரிவில் ஓடு போடுவதை நான் பரிந்துரைப்பேன். முகடு பத்தரை அடியாகத் தாழ்ந்தாலும் விளிம்பு ஐந்தேகால் அடியில்தான் நிற்கும். கிடுகின் குளிர்ச்சி முழுவதும் கிடைக்காது, காட்சி கிடைக்கும். தூண்களின் அடியை முழங்கால் உயரத்துக்குக் கொங்கிறீட்டில் வார்த்துவிட்டால் கறையான் மரத்தை எட்டுவதும் கடினமாகும். ஆனால் தூண்களுக்காகக் கரையோரக் கண்டல் மரங்களை வெட்டக் கூடாது. எந்தக் கரையைப் பார்ப்பதற்காகக் கட்டுகிறோமோ அந்தக் கரையையே அது அழித்துவிடும்.

பரண் படுவான்கரைக்கு உரியது. யானை வரும் வட்டைகளில் இராக்காவல் இருக்கும் விவசாயிக்கு அதற்கு மாற்றில்லை. மேலிருந்து பார்க்கையில் வரம்புகளின் பின்னலும், நீர் எந்தப் பாத்தியிலிருந்து எதற்குப் பாய்கிறது என்பதும் தெளிவாகத் தெரியும். ஆனால் முதியவர்களும் பிள்ளையைத் தூக்கிய தாயும் ஏணி ஏற முடியாது. எட்டடி உயரத்தில் இருப்பவருக்கு மண்ணின் ஈர வாசனையும் காலடிப் புல்லும் தொலைந்துபோகும். ஆகவே பொது ஒதுங்கிடமாக முழுப் பரணை நான் ஏற்கவில்லை. அதன் கால்களை மட்டும் கடன் வாங்கலாம். வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் மண்மூடிக் கிடக்கையில் மாரி வெள்ளம் ஏறினால், வாவியோரத்துத் தாழ்நிலம் நீரில் நிற்கும். அங்கே வாடியின் தளத்தை இரண்டு மூன்றடி உயர்த்தி, ஏணிக்குப் பதிலாகச் சாய்தளம் வைத்தால் வெள்ளம் கீழே வந்து போகும். மேலே சொன்ன விளிம்பு அளவுகளைத் தளத்திலிருந்து கணக்கிட வேண்டும், தரையிலிருந்து அல்ல.

ஆக, எழுவான்கரையில் கிடுகோ ஓடோ வேய்ந்த தாழ்ந்த வாடி. வெள்ளம் ஏறும் படுவான்கரை ஓரத்தில் அதே வாடி, கால்களின் மேல். யானைக் காவலுக்குப் பரண். கொங்கிறீட் மண்டபம் பஸ் நிற்கும் இடத்துக்குப் போதும், அங்கேயும் முதுகுச் சுவரில் இருப்பவரின் கண் மட்டத்துக்கு ஒரு நீண்ட திறப்பு விட வேண்டும். வாடிக்குச் சுவர் ஒன்றே ஒன்று போதுமானது. அது வடகீழ்ப் பக்கத்தில், இருப்பவரின் தோளளவுக்கு எழட்டும். மாரிச் சாரலை அது தடுக்கும், எழுவான்கரையில் கோடைக்கு நீரைத் தடவி வரும் மேற்குக் காற்று அதற்கு மேலாக வெளியேறும்.