பழைய டிங் டாங் மணியும் வீடியோ பெல்லும்: ஒயரா, பேட்டரியா?

ராயபுரத்தில் எங்கள் வீட்டு டிங் டாங் மணி பழசு. சுவிட்சை அழுத்தினால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் ஒரு இரும்புத் தண்டை இழுத்து ஒரு தகட்டில் தட்டும். விட்டதும் ஸ்பிரிங் மறு தகட்டில் தள்ளும். சத்தம் மாடிவரை கேட்கும். அம்மாவுக்கு அதுதான் வேண்டும்.

வாசலில் நிற்பவரை போனில் காட்டும் வீடியோ பெல்லை அதோடு இணைக்கலாமே என்று தோன்றும். ஆனால் நம்மூர் மணி பெரும்பாலும் நேரடி 230 வோல்ட்டில் ஓடுவது. ஒயர் வீடியோ பெல்களில் பல 16 முதல் 24 வோல்ட் ஏசி மின்சாரம் கேட்பவை. பழைய சுவிட்ச் இருந்த இடத்தில் அப்படியே மாட்டினால் கருகிவிடும். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, மணியையும் குறைந்த வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரின் சக்தி போதாவிட்டால் மணி 'உம்ம்' என்று முனகும். எலக்ட்ரீஷியன் இல்லாமல் தொடாதீர்கள்.

பேட்டரி பெல்லுக்கு இந்தப் பாடு இல்லை. சுவரில் திருகி, ஹால் பிளக்கில் அதன் சைமை, அதாவது வீட்டுக்குள் ஒலிக்கும் மணிப் பெட்டியைச் செருகினால் போதும். அவ்வப்போது சார்ஜ் போட வேண்டும், அவ்வளவுதான். கரண்ட் போனால் வைஃபையும் சைமும் இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும்.

வாடகை வீடென்றால் யோசிக்காமல் பேட்டரி. நானும் அதையே மாட்டினேன். பழைய மணியை அதன் சுவிட்சோடு விட்டுவிட்டேன். அப்புறம் மெயினை அணைத்து, கடல் காற்றில் பச்சை பூத்திருந்த அதன் பித்தளைத் திருகுகளைத் தேய்த்துத் துடைத்தேன்.