ஓசூர்ப் பக்கம் ஃப்ரீலான்ஸ் இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன்: நாள்பட்ட பயன்பாட்டில் எது தாங்குகிறது

தொழிற்சாலைப் பயிற்சிப் பாடங்களை வடிவமைக்கும் இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் எடுத்ததும் கேட்பது எந்த மென்பொருளை வாங்கலாம் என்றுதான். அதை எல்லாவற்றுக்கும் கடைசியில் வாங்குங்கள். மின்பாடம் தயாரிக்கும் மென்பொருள் தொகுப்பான ஆர்ட்டிகுலேட் 360இன் தனிநபர் சந்தா ஆண்டுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டும். வேலை வருவதற்கு முன்பே கட்டினால், சந்தாவின் பெரும்பகுதி பழகுவதிலேயே கரைந்துவிடும். 30 நாள் இலவசச் சோதனைக் காலம் உண்டு. ஸ்டோரிபோர்டு (திரைவாரியாகப் பாடத்தின் எழுத்து வரைவு), குரல் பதிவு, படங்கள் மூன்றையும் முடித்து வைத்துக்கொண்டு அதைத் தொடங்கினால், ஒரு நல்ல மாதிரிப் பாடத்துக்கு அந்த நாட்களே போதும்.

அதுவரை கைகொடுப்பது எச்5பி என்ற இலவச ஊடாடும் பாட வடிவம். லூமி என்ற இலவச டெஸ்க்டாப் எடிட்டரில் எச்5பி பாடங்களை உருவாக்கி, தனி எச்டிஎம்எல் கோப்பாகவோ ஸ்கார்ம் தொகுப்பாகவோ (பயிற்சித் தளங்கள் ஏற்கும் பொது வடிவம்) எடுக்கலாம். வினாக்கள், கிளைபிரியும் சூழல்கள், படத்தில் தொட்டுப் பார்க்கும் இடங்கள் இவற்றுக்கெல்லாம் அது தாங்குகிறது. ஒரு இயந்திரத்தின் கண்ட்ரோல் பேனலை அப்படியே திரையில் இயக்கிக் காட்ட வேண்டும் என்று வரும்போதுதான் ஆர்ட்டிகுலேட் 360இல் உள்ள ஸ்டோரிலைன் தேவைப்படும். ஸ்டோரிலைன் விண்டோஸில் மட்டுமே ஓடும். அதன் கோப்பை கணினியின் சொந்த டிரைவில் வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். ஒன்டிரைவிலோ பென்டிரைவிலோ நேராகத் திறந்து சேமித்தால் கோப்பு கெட்டுப்போகும் வாய்ப்பு அதிகம். அன்றைய வேலை முடிந்ததும் தேதியிட்ட நகல் ஒன்றை வேறிடத்தில் போட்டுவையுங்கள்.

வேலை எங்கிருந்து வரும்? கிருஷ்ணகிரி, தருமபுரியில் இருப்பவர்களுக்கு இரண்டு வாசல்கள். ஒன்று பெங்களூரு மின்கற்றல் நிறுவனங்களின் துணை ஒப்பந்தம். பெரும்பாலும் ஆங்கில ஸ்டோரிபோர்டு வேலை, திரைக்கு இவ்வளவு என்று கூலி. பழகுவதற்கு நல்லது, ஆனால் அதில் உங்கள் பெயர் வெளியே வராது. இன்னொன்று ஓசூர், பர்கூர் சிப்காட்டுகளில் உள்ள ஆலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு நிறுவனங்களும். நிலைத்து நிற்க ஏற்றது இதுதான் என்பது என் கணிப்பு. பாதுகாப்பு விதி, 5எஸ் (பணியிட ஒழுங்கு முறை), லாக்அவுட் டேக்அவுட் (பழுதுபார்க்குமுன் இயந்திரத்தின் மின்சாரத்தைப் பூட்டி அட்டை மாட்டுவது), தரச்சோதனை என்று பயிற்சித் தேவை ஓய்வதில்லை. தமிழில் ஒரு பாடம் செய்தால் அதையே தெலுங்கு, கன்னடம், இந்தியில் கேட்பார்கள். அந்த மறுபதிப்பு வேலையும் உங்களிடமே வரும்.

ஆனால் உற்பத்திப் பகுதிக்குள் பல ஆலைகளில் கைபேசிக்கு அனுமதியில்லை. தொழிலாளி பயிற்சி அறையின் டேப்லெட்டிலோ புரொஜெக்டரிலோதான் பாடத்தைப் பார்ப்பார், அதுவும் ஷிஃப்ட் மாறும் நேரத்தின் சில நிமிடங்களில். 40 நிமிடப் பாடம் அங்கே எடுபடாது. 5 முதல் 7 நிமிடத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் ஒட்டிவைக்க ஒரு ஏ4 தாள் சேர்த்துக் கொடுங்கள். ஒன் பாயின்ட் லெசன் என்று ஆலைக்காரர்களுக்கு ஏற்கெனவே பழக்கமான வடிவம் அது. பல இடங்களில் வீடியோவைவிட அந்தத் தாளுக்குத்தான் ஆயுள் அதிகம்.

இந்தத் தொழிலில் லாபமும் நஷ்டமும் முடிவாவது ஸ்டோரிபோர்டில். வேர்டில் ஐந்து நெடுவரிசை அட்டவணை போதும்: திரை எண், திரையில் தெரியும் எழுத்து, குரல் வாசகம், படக் குறிப்பு, பயில்பவர் செய்யும் செயலும் அதற்கான பதிலும். இதை எழுதுமுன் வேலை தெரிந்த சூப்பர்வைசரிடம் முக்கால் மணி நேரம் உட்கார வேண்டும். "என்னென்ன சொல்லித்தரணும்?" என்று கேட்டால் மேனுவல் முழுவதையும் ஒப்பிப்பார். "புதுசா வர்றவங்க முதல் வாரத்துல எங்க சார் தப்பு பண்றாங்க? அதனால என்ன நஷ்டம்? பார்த்ததும் எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?" என்று கேளுங்கள். மூன்று கேள்விக்கும் வரும் பதில்தான் பாடம். மற்றதெல்லாம் அந்த ஏ4 தாளுக்குப் போகும், அல்லது எங்கும் போகாது.

ஸ்டோரிபோர்டுக்கு எச்ஆர் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது. உற்பத்தித் துறையில் ஒருவரும் பார்த்து ஒப்பமிட வேண்டும். இல்லாவிட்டால் குரலும் படமும் முடிந்து வெளியிடும் நாளில், "இந்த மெஷின்ல சேஃப்டி கார்டு மாத்தியாச்சே" என்று யாராவது சொல்வார்கள். திருத்தச் சுற்று இரண்டு, மூன்றாவதற்குத் தனிக் கட்டணம் என்று விலைக்குறிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

விலை போட ஒரு அடிப்படை வேண்டுமல்லவா? சாப்மன் அலையன்ஸ் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி ஒரு மணி நேர மின்பாடத்துக்கு எளிய நிலையில் 79 மணி நேரம், நடுத்தர ஊடாட்டத்துக்கு 184 மணி நேரம், சிமுலேஷன் அளவுக்கு 490 மணி நேரம் உழைப்பு தேவைப்பட்டது. அப்படியானால் 20 நிமிடப் பாடம் எளிய வகையில் சுமார் 26 மணி நேரம், நடுத்தரத்தில் சுமார் 61. கருவிகள் இன்று வேகமாகிவிட்டன. ஆனாலும் சூப்பர்வைசரின் நேரத்துக்குக் காத்திருப்பதும் திருத்தமும் குறையவே இல்லை. உங்கள் மணிக்கூலியை இதால் பெருக்கிப் பார்த்துவிட்டு, பிறகு தொகையைச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு இவ்வளவு என்று வாய்வார்த்தையில் ஒத்துக்கொள்வது பெரிய ஆபத்து.

தமிழ் எழுத்துருவில் தனிக் கவனம் வேண்டும். ஆலைகளில் கிடைக்கும் பழைய தமிழ்க் குறிப்புகள் பாமினி போன்ற யூனிகோட் அல்லாத எழுத்துருவில் இருக்கும். அவற்றை மாற்றியில் போட்டு யூனிகோட் ஆக்கி, ஒவ்வொரு வரியையும் கண்ணால் சரிபார்க்க வேண்டும். அளவு, டார்க் (முறுக்கு விசை) மதிப்பு போன்ற எண்களும் குறியீடுகளும் மாற்றத்தில் புரண்டுவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற யூனிகோட் எழுத்துரு இலவசம், சின்னத் திரையிலும் தெளிவு. இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைனில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற எழுத்துக்கோப்பு அமைப்பைத் தேர்வு செய்யாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் தமிழ் அடங்காது. தமிழ் வாசகத்தை நிரப்பியபின் திரையை வடிவமைப்பதே சரி. ரிஜெக்‌ஷன், ஜிக், ஸ்பேனர் என்று அவர்கள் சொல்வதையே எழுதுங்கள்.

குரல் பதிவுக்கு ஒரு சாதாரண யுஎஸ்பி மைக்கும் ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளும் போதும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே ஓரமாக. மோனோ, 44.1 கிலோஹெர்ட்ஸ், உச்சம் மைனஸ் 3 டெசிபெல். பேசுவதற்கு முன் சில விநாடி மௌனத்தைப் பதிந்தால் இரைச்சல் நீக்கத்துக்கு அதுவே மாதிரி. நீக்கத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடும். தேசிய நெடுஞ்சாலை 44 ஓரம் வீடு என்றால் லாரிச் சத்தத்தை எந்த மென்பொருளாலும் முழுதாக நீக்க முடியாது. துணி நிறைந்த உள்ளறையைத் தேடுங்கள்.

அடுத்து ஸ்கார்ம். எல்எம்எஸ்ஸில் (நிறுவனத்தின் பயிற்சித் தளம்) ஏற்றியதும் பாடம் திறக்கவில்லை என்றால் முதலில் ஜிப்பைப் பாருங்கள். ஐஎம்எஸ்மேனிஃபெஸ்ட்.எக்ஸ்எம்எல் கோப்பு ஜிப்பின் மேல்மட்டத்தில் இருக்க வேண்டும். வெளிக் கோப்புறையோடு சேர்த்து ஜிப் செய்திருந்தால் எல்எம்எஸ்ஸுக்கு அது அகப்படாது. பாதியில் விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை என்றால், ஸ்கார்ம் 1.2இல் நிலைத்தகவலுக்கு 4,096 எழுத்துதான் இடம் என்பது காரணமாக இருக்கலாம். திரையும் வினாவும் மிகுந்த பாடம் அதை மீறும். பாடத்தை உடையுங்கள், அல்லது எல்எம்எஸ் ஏற்றால் ஸ்கார்ம் 2004இன் மூன்றாம் அல்லது நான்காம் பதிப்புக்கு மாறுங்கள். "முடிச்சும் முடியலன்னு காட்டுது" என்ற புகார்தான் அதிகம் வரும். கடைசித் திரையில் பிரவுசரைச் சட்டென்று மூடும்போது முடிவுத் தகவல் போய்ச் சேராது. பாடம் முடிந்தது என்று எல்எம்எஸ்ஸுக்குச் சொல்லும் நிறைவு டிரிக்கரைக் கடைசிக்கு முந்தைய திரையிலேயே வையுங்கள். அனுப்புமுன் ஸ்கார்ம் கிளவுட் என்ற சோதனைத் தளத்திலும், மூடுல் என்ற எல்எம்எஸ் ஒன்றிலும், விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைபேசியிலும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

மாதிரிப் பாடம் மூன்று போதும். ஒப்பந்த வேலையை ரகசிய உடன்பாட்டால் வெளியே காட்ட முடியாது. அதனால் நம் பக்கத்துத் தொழில்களையே எடுங்கள்: மாங்கூழ் ஆலையில் கை கழுவும் முறை, பட்டுப்புழு வளர்ப்பு மனையில் கிருமி நீக்கம், கிரானைட் அறுவையில் கண் பாதுகாப்பு. ஒவ்வொன்றோடும் ஸ்டோரிபோர்டையும் சேர்த்துக் காட்டுங்கள். விவரம் தெரிந்த வாடிக்கையாளர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பண விஷயம் சுருக்கமாக. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. கர்நாடக நிறுவனத்துக்குச் செய்தாலும் இதே வரம்புதான். குறு, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள். 2006ஆம் ஆண்டு குறுசிறு தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் பணம் தருவதற்கு உச்சவரம்பு 45 நாள். அந்தப் பதிவு எண்ணை இன்வாய்ஸில் அச்சிட்டால் கணக்குத் துறை கவனிக்கும். முன்பணமாக 40 சதவீதம், ஸ்டோரிபோர்டு கையெழுத்தானதும் 30, ஸ்கார்ம் ஏற்றி ஓடியதும் மீதி. திருத்தக்கூடிய மூலக் கோப்பு வேண்டுமென்றால் அதற்கு வேறு விலை என்பதை முதல் மின்னஞ்சலிலேயே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்தபின் சொன்னால் யாரும் ஏற்பதில்லை.