கையால் குவிப்பதா, தானாகக் குவிவதா: இரண்டு பிலிம் கமராக்களோடு ஒன்பது ஆண்டுகள்

நிக்கோன் எஃப்.எம்.2, எஃப் 80 ஆகிய இரண்டு பிலிம் கமராக்களையும் ஒன்பது ஆண்டுகளாக யாழ்ப்பாணத்தில் மாறி மாறிப் பயன்படுத்தி வருகிறேன். 1982இல் வெளிவந்த முன்னதைக் கையால்தான் குவிக்க வேண்டும். 2000ஆம் ஆண்டைச் சேர்ந்த பின்னது தானே குவித்துக்கொள்ளும். பிலிமைக் கழுவுவதற்குக் கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பவனுக்கு, குவியம் தவறிய செய்தி வாரக்கணக்கில் பிந்தியே வரும்.

எஃப்.எம்.2இன் பார்வைத்திரை நடுவில், மேல் கீழ் என இரு பாதியாகப் பிளந்த சிறு வட்டம் உண்டு. குவியம் பிசகியிருந்தால் பனைமரத்தின் தண்டு அதற்குள் ஒடிந்து விலகி நிற்கும். வில்லையின் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரு துண்டுகளும் பொருந்தும். நல்லூர்த் தேரன்று இதை நம்பி வடத்தைக் குவிக்கப் போய் முதல் ஆண்டு திண்டாடினேன். கிடையாக ஓடும் வடம் அவ்வட்டத்தில் ஒடிந்து தெரிவதே இல்லை. கமராவைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும் என்பது பிறகுதான் புரிந்தது. இப்போது அந்த நெரிசலில் வட்டத்தைத் தேடுவதில்லை. 28 மி.மீ. வில்லையில் ஒளி புகும் துவாரத்தை எஃப் 8 என்ற அளவில் வைத்து, தூர அளவை 3 மீற்றருக்குச் சற்று அப்பால் நிறுத்திவிட்டால், இரண்டு மீற்றருக்கும் குறைவான தூரத்திலிருந்து கோபுரம் வரை எல்லாம் போதிய தெளிவோடு விழும். வல்வெட்டித்துறைப் பட்டங்களுக்கு இதுவும் வேண்டாம், முடிவிலிக் குறியே போதும். வெறும் வானத்தில் எஃப் 80 பிடிமானம் கிடைக்காமல் முன்னும் பின்னுமாகத் தேடிக்கொண்டிருக்கும்.

ஆனால் ஓடித் திரியும் குழந்தைகளைக் கையால் குவித்துப் பிடிக்க என்னால் முடிவதில்லை. அங்கே எஃப் 80க்கு இணை இல்லை. அதிலும் ஒருமுறை என் கவனக்குறைவால் சூடுபட்டேன். உறவினர் திருமணமொன்றில் நடுக் குவியப்புள்ளி மணமக்களின் இரு தலைகளுக்கும் இடையிலே போய்விட, மணவறைச் சோடனை முத்து முத்தாகத் தெளிந்து, மாப்பிள்ளையும் பொம்பிளையும் மங்கிப்போயினர். அன்று முதல் ஒருவர் கண்ணில் புள்ளியை வைத்துப் பொத்தானைப் பாதி அழுத்தி, குவியத்தைப் பூட்டிய பிறகே சட்டகத்தை அமைக்கிறேன்.

இரண்டையும் வைத்திருக்க விரும்புவோர் 50 மி.மீ. எஃப் 1.8 டி வில்லையை வாங்கலாம். அது இரண்டிலும் வேலை செய்யும், எஃப்.எம்.2இல் அதன் வளையம் கைக்குச் சற்று இலகுவாகச் சுழல்வது மட்டுமே குறை. பழைய கைமுறை வில்லையை எஃப் 80இல் பூட்டினால் ஒளியை அளந்து காட்டும் ஒளிமானி இயங்காது. பற்றரி தீர்ந்தால் எஃப் 80 முழுவதுமாக நின்றுவிடும், எஃப்.எம்.2இல் ஒளிமானி மட்டும் நிற்கும், சட்டர் எல்லா வேகத்திலும் அடிக்கும்.

எனக்கு வெள்ளெழுத்து தொடங்கிவிட்டது. எஃப் 80இன் பார்வைக்கண்ணை என் கண்ணுக்கேற்ப மாற்றிக்கொள்கிறேன். எஃப்.எம்.2க்கு அந்த வசதி இல்லை. அதில் பூட்டும் திருத்தக் கண்ணாடியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.