பைநெப்: இரண்டு வருடம் பழகியபின்

எம்101 சுருள் விண்மீன் மண்டலத்தின் வாயு மேகங்களில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிட இரண்டு வருடமாக பைநெப்பைப் பயன்படுத்துகிறேன். பைத்தான் நிரல்மொழியில் ஓடும் இலவசத் தொகுப்பு, ஐராஃப் என்ற பழைய வானியல் மென்பொருளில் இருந்த நெபுலார் கருவிகளின் வாரிசு. நிறுவ ஒரு வரி போதும்.

இருமுறை அயனியான ஆக்சிஜனின் 4363, 5007 ஆங்ஸ்ட்ராம் அலைநீள நிறமாலைக் கோடுகளின் விகிதத்தைக் கொடுத்தால் எலக்ட்ரான் வெப்பநிலை கிடைக்கும். கந்தகத்தின் 6716, 6731 கோடுகள் அடர்த்தியைச் சொல்லும். அப்புறம் ஒவ்வொரு அயனியும் ஹைட்ரஜனோடு ஒப்பிட எவ்வளவு என்று கேட்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது அணுத் தரவை மாற்றிப் பார்க்கும் வசதி. மோதல் வலிமைகளை (எலக்ட்ரான் மோதி அயனியைக் கிளர்த்தும் வாய்ப்பின் அளவு) யாருடைய கணக்கிலிருந்து எடுப்பது என்பது நம் கையில். ஒருமுறை கந்தகத் தரவை மட்டும் மாற்றினேன், அதே கோடுகளுக்கு அடர்த்தி நகர்ந்துவிட்டது. அதுவரை என் பிழை எல்லைகளை அவ்வளவு நம்பியிருக்கிறேனே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

பிழை எல்லையைக் கருவி தானாகப் போட்டுத் தராது. கோடுகளின் அளவைச் சற்றே கலைத்து ஆயிரம் பிரதிகள் செய்து ஒரே அணியாகக் கொடுக்கிறேன், சட்டென்று முடித்துவிடுகிறது. நாம் தப்பாகக் கொடுத்தாலும் கேள்வி கேட்காது. என்ஜிசி 5471 மேகத்துக்குத் தூசிச் சிவப்பாக்கத்தைத் திருத்தாமல் கொடுத்துவிட்டேன். 4363 நீலப் பக்கம் இருப்பதால் தூசி அதைத்தான் கூடுதலாக விழுங்கும். வெப்பநிலை சில நூறு கெல்வின் குறைவாக வந்தது, அதை நம்பி ஒரு வாரம் வரைபடம் போட்டேன். தப்பு என்னுடையதுதான்.

மண்டலத்தின் வெளிப்புறத்தில், ஆக்சிஜன் குறைவாகவும் வாயு சூடாகவும் இருக்கும் மேகங்களில், கருவி அருமை. மையத்தை நெருங்க நெருங்க ஆக்சிஜன் கூடி வாயு குளிர்ந்து, 4363 இரைச்சலில் மூழ்கிவிடும். அங்கே விகிதத்துக்குத் தீர்வு இல்லையென்றால் 'நான்' (nan) என்று பதில் வரும். எண் இல்லை என்பதற்கான பைத்தான் சொல்தான், ஆனாலும் யார் தப்பு என்று கேட்டதற்கு அது ஒப்புக்கொள்வதுபோல் இருக்கும்! அந்த மேகங்களுக்கு வலுவான கோடுகளை மட்டும் வைத்து ஆக்சிஜனை மதிப்பிடும் சூத்திரங்களிடம்தான் போகவேண்டும். அவற்றுக்குள்ளேயே மடக்கை அளவில் 0.7 வரை வித்தியாசம் வரும், அதாவது ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதற்கு 'நான்' எவ்வளவோ தேவலை.