மூன்று 'ஒரிஜினல்' டிப், 5,400 ரூபாய்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் ரிப்பேர் வேலை செய்கிற ஆட்கள் ஒருக்கா வாசியுங்கள். டவுனில் ஒரு கடையில் சோல்டரிங் அயனுக்கு டிப் (ஈயத்தை உருக்கும் முனை) வாங்கி நல்லா ஏமாந்தேன். கடைப் பெயரைப் போடவில்லை. இதே சாமான் இப்போது வேறு கடைகளிலும் தொங்குகிறது.

என்னிடம் இருப்பது ஜப்பான் கம்பனி ஹக்கோவின் 936 மாதிரியில் வந்த சாதாரண ஸ்டேஷன், அதாவது அயனின் சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி. அதற்கு 900எம் வகை டிப்தான் போகும். "தம்பி, இது ஜப்பான் ஒரிஜினல், மற்றதெல்லாம் சைனா" என்று சொல்லிக் கடைக்காரர் ஒன்று 1,800 ரூபாய்ப்படி மூன்று தந்தார். பாக்கெட், ஸ்டிக்கர் எல்லாம் பக்கா.

டிவி பவர் போர்டு ஒன்றில் கப்பாசிட்டர் கழற்ற உட்கார்ந்தேன். போட்டது 2.4டி, தட்டை முனை. ஊசி முனை என்றால் சூடு போதாது என்று சொல்லலாம், இதற்கு அந்தச் சாட்டும் இல்லை. ஸ்டேஷன் 350 பாகை காட்டுகிறது. 60/40 ஈயம் (60 பங்கு தகரம், 40 பங்கு ஈயம்) 190 பாகைக்குள்ளேயே முழுக்க உருகிவிடும். பிளஸ் கால் ஒரு மாதிரி இளகியது. சூட்டை இழுக்கிற கிரவுண்ட் காலில் ஈயம் கஞ்சி மாதிரிக் குழைகிறதே தவிர ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் முனை கறுத்தது. புது ஈயம் வைத்தால் உருண்டு மேசையில் விழுகிறது. ஈயம் பிடிக்க வைக்கிற ரோசினுக்கும் மசியவில்லை, முனை துடைக்கிற பித்தளைச் சுருளுக்கும் மசியவில்லை. கடைசியில் காலோடு அது ஒட்டியிருந்த போர்டின் செம்புப் பேட்டும் கழன்று வந்தது. அதுவும் வாடிக்கையாளர் போர்டில்!

செத்த டிப்பை அரத்தால் ராவிப் பார்த்தேன். நல்ல டிப்பில் உள்ளே செம்பு, மேலே மெல்லிய இரும்புப் பூச்சு இருக்கும். சூட்டை முனைக்குக் கொண்டுவருவது செம்பு. ஈயம் அந்தச் செம்பைத் தின்னாமல் காப்பது இரும்பு. இதில் ராவ ராவ இரும்புதான் வருகிறது. செம்பு கடத்தும் சூட்டில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்குதான் இரும்பு கடத்தும், பிறகு எங்கே கிரவுண்ட் கால் இளகுவது?

காந்தம் ஒட்டினால் போலி என்று சிலர் சொல்வார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம். பூச்சில் இரும்பு இருப்பதால் நல்ல டிப்பும் காந்தத்தை இழுக்கும். ஹீட்டர் நுழைகிற ஓட்டைக்குள் போன் லைட்டை அடித்துப் பாருங்கள், செம்பு நிறம் தெரிகிறதா என்று. என் மூன்றிலும் வெள்ளையாகத்தான் இருந்தது.

கொண்டுபோய்க் காட்டினால், "பாவிச்ச சாமான் திருப்பி எடுக்கிறல்ல தம்பி, நீங்க சூடு கூட்டி வச்சிருப்பீங்க" என்றார். பாவிக்காத இரண்டையும்கூட எடுக்கவில்லை. என் கையில் இருந்த துண்டில் "டிப் 3 - 5400" என்று மட்டும்தான் எழுதியிருந்தது, கடைப் பெயர்கூட இல்லை. கேட்டால் பில் தந்தே ஆக வேண்டும், 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் அது இருக்கிறது. காசு கொடுக்க முன்னம் "900எம், ஒரிஜினல்" என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். முறைப்பாட்டுக்கு அதிகார சபையின் இலக்கம் 1977.