கசப்பு எண் ஒன்று, சுவை வேறு: சியரா நெவாடாவின் ஐந்து பீர்கள்

கிராஃப்ட் பீர் பக்கம் புதிதாக வருகிறவர்கள் முதலில் இரண்டு எண்களைப் பார்ப்பார்கள். ஒன்று ஆல்கஹால் சதவீதம். இன்னொன்று ஐ.பி.யூ. என்கிற கசப்பு எண். முதல் எண்ணை நம்பி வாங்கலாம். இரண்டாவதை மட்டும் நம்பி வாங்கினால், நினைத்தது ஒன்றாகவும் குடித்தது வேறொன்றாகவும் இருக்கும். இதற்குக் கலிஃபோர்னியாவிலுள்ள சியரா நெவாடா என்ற ப்ரூவரியின், அதாவது பீர் ஆலையின், ஐந்து பீர்களைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. 38, 35 என்று ஒட்டி நிற்கும் ஒரு ஜோடி, இரண்டுமே 65 என்று நிற்கும் இன்னொரு ஜோடி, அப்புறம் 90-ஐத் தொடும் ஒன்று. டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, சாக்ரமெண்டோவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான்கு பேர் உட்கார்ந்து இவற்றை வரிசையாகச் சுவைத்துப் பார்த்தோம்.

சியரா நெவாடாவின் ஊர் சீக்கோ. எங்கள் வீட்டிலிருந்து வடக்கே சுமார் 150 கிலோமீட்டர். கென் கிராஸ்மன் அங்கே 1976-ல் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களுக்கான சாமான் கடை ஒன்றைத் திறந்தார். வீட்டில் பீர் காய்ச்சுவதை மத்திய அரசு அளவில் சட்டப்படி அனுமதிக்கும் மசோதாவில் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டது 1978-ல்தான். அடுத்த ஆண்டே கிராஸ்மனும் பால் கமூசியும் சேர்ந்து கம்பெனியைத் தொடங்கினார்கள். புதுக் கருவி வாங்கப் பணமில்லை. பால் பண்ணைகள் கழித்துப்போட்ட தொட்டிகளை வாங்கி, வெட்டி, வெல்டிங் வைத்து ப்ரூவரியைக் கட்டினார்கள். 1980 நவம்பரில் முதல் காய்ச்சல். பேல் ஏல் என்ற அவர்களுடைய பீர் ஒவ்வொரு முறையும் ஒரே சுவையில் வரும்வரை, காய்ச்சியதைத் திரும்பத் திரும்பக் கீழே கொட்டியிருக்கிறார்கள். கையில் காசில்லாத நாளில் அப்படிக் கொட்ட எவ்வளவு பிடிவாதம் வேண்டும்!

சுவைத்த முறையையும் சொல்லிவிடுகிறேன். பேல் ஏல், ஹேஸி லிட்டில் திங், டார்ப்பிடோ, செலிப்ரேஷன் நான்கும் ஒரே கடையில் வாங்கியவை, நிரப்பி இரண்டு மாதத்துக்குள் இருந்தவை. பிக்ஃபுட் மட்டும் என் அலமாரிச் சேமிப்பு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிடம் வெளியே வைத்தோம். பல் கூசுகிற குளிர்ச்சியில் வாசனை மேலே வராது, பத்து டிகிரியை ஒட்டி வந்தால்தான் மூக்குக்கு வேலை. சோப்பு எச்சம் நுரையைக் கொன்றுவிடும் என்பதால் டம்ளர்களை வெந்நீரில் நன்றாக அலசினோம். என் மனைவி சமையலறையிலேயே ஊற்றி, ஜோடி ஜோடியாக, எண் ஒட்டி மேசைக்குக் கொண்டுவந்தாள். எது எது என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

முதல் ஜோடி, பேல் ஏலும் ஹேஸி லிட்டில் திங்கும். முன்னது 5.6 சதவீதம், கசப்பு எண் 38. பின்னது 6.7 சதவீதம், கசப்பு எண் 35. காகிதத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி. டம்ளரில் பார்த்தால் உறவே சொல்ல முடியாது.

பேல் ஏல் செம்பு கலந்த பொன்னிறம், தெளிவு. பாட்டிலுக்குள்ளேயே ஈஸ்ட் கொஞ்சம் மிச்சமிருந்து நுரையை உண்டாக்குகிறது. அதனால் அடியில் மெல்லிய வண்டல் படிந்திருக்கும், கடைசி விரற்கடை அளவை ஊற்றாமல் விட்டால் தெளிவு கெடாது. மூக்கருகே கொண்டுபோனால் பம்பளிமாஸ் தோலை நகத்தால் கிள்ளியதும் தெறிக்குமே, அந்த வாசனை. அதன் பின்னால் பைன் பிசின். பீருக்குக் கசப்பும் வாசனையும் தருவது ஹாப்ஸ் என்ற பூ. இது முழுக்க அதில் கேஸ்கேட் என்ற ரகத்தின் கைவரிசை. ஓரிகனில் உருவாக்கி 1972-ல் வெளிவந்த ரகம் அது. ஐரோப்பிய ஹாப்ஸின் மூலிகை வாசத்துக்குப் பழகிய மூக்குகளுக்கு இந்த எலுமிச்சை வகை நெடி புதிது. கிராஸ்மன் அதை அடக்கிப் போடாமல் முன்னால் நிறுத்தினார். வாயில் முதலில் பிரெட்டின் கருகிய ஓரம் போன்ற இனிப்பு, நடுவில் கசப்பு, விழுங்கியதும் நாக்கு காய்ந்து அடுத்த மடக்கைக் கேட்கிறது.

ஹேஸி 2018-ல் வந்தது. கலங்கிய மஞ்சள், டம்ளருக்குப் பின்னால் விரலை வைத்தால் தெரியாது. ஓட்ஸும் கோதுமையும் சேர்த்து, வடிகட்டாமல் விடுவதால் வரும் கலக்கம் அது. வாசனை அப்படியே பழக்கடை: மாம்பழம், ஆரஞ்சு, கொஞ்சம் கொய்யா. வாயில் வழவழவென்று பரவுகிறது. கசப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மூன்று புள்ளி வித்தியாசத்தில் இத்தனை தூரம் எப்படி? ஹாப்ஸின் கசப்பு கொதியில்தான் பிறக்கிறது. அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் நேரம் எடுத்துக் கொதித்தால்தான் உருமாறிக் கசக்கும். வாசனை எண்ணெய்களோ கொதியில் ஆவியாகிப் பறந்துவிடும். ஆக, முதலிலேயே போட்ட ஹாப்ஸ் கசப்பைத் தரும், கடைசியில் போட்டதும் ஆறிய பிறகு ஊறவைத்ததும் வாசனையைத் தரும். ஹேஸியில் பெரும்பங்கு கடைசியில் போகிறது. தவிர, கசப்பு எண் என்பது பரிசோதனைக்கூடத்தில் அளக்கும் விஷயம். ஒரு லிட்டரில் கசப்புப் பொருள் எத்தனை மில்லிகிராம் என்பதே கிட்டத்தட்ட அதன் அர்த்தம். கூடவே எவ்வளவு இனிப்பு இருக்கிறது, பீர் எவ்வளவு கெட்டி என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. வாயோ எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறது. ஓட்ஸ் கொடுக்கும் வழவழப்பு கசப்பின் மேல் மெத்தை விரித்துவிடுகிறது.

வாசனைக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னபோது நான்கில் மூன்று பேர் ஹேஸிக்கு முதலிடம் கொடுத்தோம். நானும் அதில் ஒருவன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் காலியாகியிருந்தவை பேல் ஏல் டம்ளர்கள். ஹேஸி எல்லோரிடமும் பாதியில் நின்றது. நண்பர் ஒருவர் சொன்னது சரியாகப் பட்டது: "இது மொதல் ரெண்டு மடக்குக்கு அருமை மச்சான், அப்புறம் வயித்துல உக்காந்துக்குது." மிளகுக் கோழி வறுவல் வந்ததும் பேல் ஏல் இன்னும் உயர்ந்தது. அதன் காய்ந்த முடிவு நாக்கிலிருந்து எண்ணெயைத் துடைத்து எடுத்துவிடுகிறது. ஹேஸியை நான் குறைத்துச் சொல்லவில்லை. பீர் என்றாலே கசப்பு என்று ஒதுங்கி நிற்பவருக்கு முதலில் கொடுக்க இதைவிட நல்ல டம்ளர் கிடையாது. ஆனால் ஒரு முழு டம்ளரைக் கடைசி வரை ஆசையோடு குடிக்க வேண்டும் என்றால் எனக்குப் பேல் ஏல்தான்.

இரண்டாவது ஜோடிதான் அன்றைக்கு நாங்கள் அதிகம் பேசியது. டார்ப்பிடோவுக்கும் 65, செலிப்ரேஷனுக்கும் 65. ஆல்கஹாலும் பக்கத்தில் பக்கத்தில்: 7.2, 6.8. இரண்டுமே ஐ.பி.ஏ., அதாவது ஹாப்ஸ் தூக்கலாகப் போட்ட இந்தியா பேல் ஏல் வகை.

டார்ப்பிடோ என்பது முதலில் ஒரு கருவியின் பெயர். நீளமான எஃகு உருளை. அதற்குள் முழு ஹாப்ஸ் பூக்களைத் திணித்துவிட்டு, புளித்து முடித்த பீரைத் தொட்டியிலிருந்து அதன் வழியாகச் சுற்றவிடுகிறார்கள். கொதி இல்லாததால் கசப்பு ஏறாது, பூவின் எண்ணெய் மட்டும் பீரில் இறங்கும். மூட்டையில் கட்டித் தொட்டிக்குள் ஊறப்போடும் பழைய முறையில், மூட்டையின் நடுவிலுள்ள பூ சரியாக நனையாமல் வீணாகும். இதில் ஒவ்வொரு பூவின் மேலும் பீர் ஓடுகிறது. பெரும்பாலான ப்ரூவரிகள் ஹாப்ஸை அரைத்து அழுத்திய குளிகைகளாக வாங்கும் காலத்தில், முழுப் பூவை விடாமல் பிடித்திருப்பவர்களுக்குத்தான் இப்படி ஒரு கருவி தோன்றும். 2009-ல் அதன் பெயரிலேயே இந்த பீரைக் கொண்டுவந்தார்கள். குடித்தால் கூர்மை. பைன், மிளகு, பச்சை இலையைக் கசக்கிய நெடி, அப்புறம் நாக்கின் ஓரங்களில் நெடுநேரம் நிற்கும் கசப்பு. காரமான சாப்பாட்டோடு இதை வைக்காதீர்கள். கசப்பும் ஆல்கஹாலும் சேர்ந்து மிளகின் எரிச்சலை இரண்டு மடங்காக்கிக் காட்டின.

செலிப்ரேஷன் 1981 முதல் குளிர்காலத்துக்கென்று வருகிற பீர். சிவப்பு லேபிளையும் பனி மூடிய மரவீட்டையும் பார்த்துவிட்டு, இலவங்கப்பட்டை, ஜாதிக்காய் போட்ட கிறிஸ்துமஸ் பீர் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மசாலா எதுவும் கிடையாது. அந்த ஆண்டு அறுவடையில் முதலில் வந்த ஹாப்ஸைக் காயவைத்த கையோடு கொண்டுவந்து காய்ச்சுகிறார்கள், அவ்வளவுதான். கேஸ்கேட், சென்டெனியல், சினூக் என்ற மூன்று ஹாப்ஸ் ரகங்களும் உண்டு. அன்று எண் நான்கு டம்ளரை எடுத்தபோது நான் முதலில் கவனித்தது நிறம்: நல்ல டீ டிகாக்ஷனை வெளிச்சத்தில் பிடித்த மாதிரி செம்மை. முதல் மடக்கில் மால்ட்டின், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியின் இனிப்பு, வெல்லப்பாகு முற்றுவதற்கு ஒரு நொடி முந்திய பதம். அது அடங்கும் முன்பே ஆரஞ்சுத் தோலும் பிசினுமாக ஹாப்ஸ் வந்து அதன் மேல் ஏறுகிறது. கசப்பு இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. ஆனால் டார்ப்பிடோவில் அது தனியாக வந்து நாக்கில் குத்துகிறது, இதில் இனிப்பின் தோளில் கை போட்டுக்கொண்டு வருகிறது. எண்ணை வெளியே சொன்னபோது மேசையில் இருந்த ஒருவரும் நம்பவில்லை. நான்கு பேருமே டார்ப்பிடோவுக்குத்தான் கூடுதல் கசப்பு என்று எழுதியிருந்தோம்.

இந்த ஜோடியில் எனக்கு செலிப்ரேஷன்தான், சந்தேகமே இல்லை. ஆண்டு முழுக்கக் கிடைப்பது டார்ப்பிடோ என்பது அதற்குள்ள பெரிய பலம். மார்ச் மாதத்தில் கடையில் மிச்சமிருக்கும் செலிப்ரேஷனை வாங்குவதைவிட, போன வாரம் நிரப்பிய டார்ப்பிடோ எவ்வளவோ மேல்.

தேதி விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை ஒரு கடையில் தள்ளுபடி விலைக்குப் பேல் ஏல் ஆறு பாட்டில் வாங்கினேன். ஜன்னலோரம் வெயிலில் அடுக்கியிருந்தார்கள், நிரப்பிய தேதியோ எட்டு மாதத்துக்கு முந்தையது. திறந்தால் பம்பளிமாஸ் இருக்க வேண்டிய இடத்தில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம். கூடவே ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றத்தைச் சொல்வார்களே, அதுவும் லேசாக. ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் உடைந்து அந்த நாற்றத்தை உண்டாக்கும். பழுப்புக் கண்ணாடி பெருமளவு தடுக்கும், மாதக்கணக்கான வெயிலுக்கு அதுவும் தாங்காது. பாட்டிலில் நிரப்பிய தேதி இருக்கிறது. கசப்பு எண்ணைப் பார்க்கும் முன் அதைப் பாருங்கள்.

கடைசியாக பிக்ஃபுட். 1983-லிருந்து வருகிற பார்லிவைன் (பெயரில் வைன் இருந்தாலும் இது ஆல்கஹால் தூக்கலான பீர் வகை), 9.6 சதவீதம், கசப்பு எண் 90. எண்ணை மட்டும் பார்த்தால் வேப்பெண்ணெய் குடிக்கப் போகிறோம் என்றுதான் தோன்றும். முந்தின ஆண்டு பாட்டிலிலிருந்து ஊற்றிய டம்ளரில் கசப்பு உண்மையிலேயே பலமாக இருந்தது, ஆனாலும் டார்ப்பிடோ மாதிரி கீறவில்லை. அத்தனை மால்ட் அடியில் கிடக்கிறது. இன்னொரு டம்ளரில் நான்கு ஆண்டு அலமாரி இருட்டில் கிடந்த பாட்டில். அதில் ஹாப்ஸ் வாசனை ஒடுங்கிப்போய், பேரீச்சை, உலர்ந்த திராட்சை, கருப்பட்டிப் பாகு என்று வேறு ஒரு பானமே ஆகியிருந்தது. மற்ற நான்கையும் கெடுக்கும் காலம் இதை மட்டும் பழுக்கவைக்கிறது, ஆல்கஹாலும் மால்ட்டும் அந்த அளவுக்கு இருப்பதால். இது பாட்டிலோடு குடிக்கிற பீர் இல்லை. ஒரு பாட்டிலை நான்கு பேர் பங்கிட்டு, சாப்பாடு முடிந்தபின் சின்ன டம்ளரில் மெதுவாகக் குடித்தால் அருமை.

என் ஃப்ரிட்ஜில் எப்போதும் இருப்பது பேல் ஏல். டிசம்பர் வந்தால் அதற்குப் பக்கத்தில் செலிப்ரேஷன். விருந்தாளிக்குப் பீர் பழக்கமில்லை என்றால் இரண்டு டப்பா ஹேஸி. டார்ப்பிடோ எப்போதாவது, வெறும் வறுத்த முந்திரியோடு. பிக்ஃபுட் மூடியில் அந்தந்த ஆண்டு அச்சிட்டே வருகிறது. அன்றைக்குப் பழையதைத் திறந்துவிட்டதால், முந்தின ஆண்டு பாட்டில்களில் மீதியிருந்த மூன்றை அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளி, கதவைச் சாத்தினேன்.