பெயரில் சிடிஆர், உள்ளே வெறும் படம்: லோகோ ட்ரேஸ் செய்யக் கொடுப்பவர்கள் கவனிக்க

பழைய லோகோவை ட்ரேஸ் செய்து, அதாவது படத்தின் மேல் கோடு போட்டு வரைந்து, வெக்டராக (வெறும் படமாக இல்லாமல் கோடுகளால் ஆன ஃபைலாக) மாற்றித் தருகிறோம் என்று சமூக ஊடகங்களில் விளம்பரம் செய்பவர்களிடம் வேலை கொடுக்கப் போகிறீர்களா? மீதிப் பணத்தை அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். 3,000 ரூபாய் கொடுத்து எனக்குக் கிடைத்தது, நான் அனுப்பிய அதே ஸ்கேன்.

எங்களுடையது மரச்செக்கு எண்ணெய்க் கடை. தாத்தா காலத்தில் ஒரு போர்டு ஆர்ட்டிஸ்ட் கையால் வரைந்து கொடுத்த லேபிள் உண்டு. செக்கு இழுக்கும் இரண்டு காளைகள், மேலே வளைவாகக் கடைப் பெயர். அந்த எழுத்து எந்த ஃபான்ட்டிலும் கிடையாது. மிஞ்சியிருந்த ஒரே லேபிளை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து வைத்திருந்தோம். இப்போது கண்ணாடிக் கதவுக்குக் கட்டிங் ஸ்டிக்கரும், டின்னுக்கு ஸ்க்ரீன் பிரிண்டிங்கும் தேவைப்பட்டது. கட்டிங் மெஷினின் கத்தி கோட்டைப் பிடித்துத்தான் போகும், படத்தைப் பார்த்து வெட்டாது. ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு கலருக்கும் தனி ஸ்க்ரீன். அதனால் சாஃப்ட்வேரைத் தானாக வரையவிடாமல் கையால் ட்ரேஸ் செய்யவேண்டும், கலருக்கு ஒரு லேயர் (தனி அடுக்கு) வேண்டும் என்று போனிலேயே சொன்னேன். “எல்லாம் மேனுவல்தான் சார், ஆட்டோ ட்ரேஸ் பண்றதே இல்ல” என்றார் விளம்பரம் செய்திருந்த ஆள். பாதி அட்வான்ஸ், மீதி வந்த பிறகுதான் ஃபைல் தருவார்களாம். பார்வைக்கு ஒரு ஜேபெக் அனுப்பினார், பளிச்சென்று இருந்தது. மீதியையும் அனுப்பினேன்.

ஸ்டிக்கர் கடைத் தம்பி வந்த சிடிஆர் ஃபைலை, அதற்கான டிசைன் சாஃப்ட்வேரான கோரல்டிராவில் திறந்து படத்தின் மேல் ஒரு கிளிக் செய்தார். கீழே ஸ்டேட்டஸ் பாரில் ‘பிட்மேப்’ என்று வந்தது. “அண்ணே, இது போட்டோண்ணே. கத்தி எதப் புடிச்சுப் போகும்?” என்றார். பழுப்பைக் கொஞ்சம் வெளுத்து, ஸ்கேனை அப்படியே கோரலுக்குள் இழுத்துப் போட்டு சேமித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சிடிஆர், இல்லஸ்ட்ரேட்டர் சாஃப்ட்வேரின் ஏஐ, எஸ்விஜி என எந்த வகை வெக்டர் ஃபைலாக இருந்தாலும் உள்ளே ஒரு படத்தை வைத்து சேமிக்க முடியும். ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளை நம்பி ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

சண்டை போட்ட பிறகு இன்னொரு ஃபைல் வந்தது. இது முதலாவதை விட மோசம். ஆட்டோ ட்ரேஸ் கொடுத்துவிட்டு ஒன்றையும் திருத்தாமல் அனுப்பியிருந்தார்கள். காகிதத்தின் பழுப்பு, மசி கசிந்த இடம், மடிப்புக் கோடு எல்லாம் தனித்தனித் துண்டுகளாக மாறியிருந்தன. காளையின் கயிறு பத்து இடத்தில் அறுந்திருந்தது. ‘ண்’ணின் சுழிகள் அடைந்துபோய், மேலே இருக்கும் புள்ளி முள் முளைத்த மாதிரி கிடந்தது. புள்ளி ஒரு வட்டம். வட்டத்துக்கு நான்கு நோட் (கோட்டின் வளைவைப் பிடித்திருக்கும் முனை) போதும். இங்கே எழுத்து முழுக்க நோட்டாக அப்பியிருந்தது. இதைக் கட்டிங்குக்குப் போட்டால் ஒவ்வொரு நோட்டிலும் கத்தி திரும்பித் திரும்பி வினைலைக் கிழித்துவிடும். கேட்டதற்கு “சாஃப்ட்வேர்ல அப்படித்தான் சார் வரும்” என்று பதில். அப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

ஆட்டோ ட்ரேஸ் கருவியில் குறை இல்லை. கோரலின் பவர்ட்ரேஸ், இல்லஸ்ட்ரேட்டரின் இமேஜ் ட்ரேஸ், இங்க்ஸ்கேப்பில் இருக்கும் பொட்ரேஸ் எல்லாம் சுத்தமான கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நன்றாகவே வேலை செய்யும். பழைய லேபிளில் எது கோடு, எது கறை என்று அவற்றுக்குத் தெரியாது. அதற்குத்தான் ஆளுக்குக் காசு கொடுக்கிறோம்.

ஸ்டிக்கர் கடைத் தம்பி சொல்லி, ஸ்க்ரீன் பிரிண்டிங் டிசைன் செய்யும் ஒரு அக்காவிடம் போனேன். ஸ்கேனை அடி லேயரில் போட்டு, நிறத்தை மங்கலாக்கி, பூட்டு போட்டு, பிரிண்டில் வராமல் அணைத்து வைத்தார். அதன் மேல் சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என லேயர்கள். பென் டூலில், வளைவு திரும்பும் இடத்தில் மட்டும் நோட் வைத்து இழுத்தார். அடி லேயரை மறைத்துவிட்டுப் பார்ப்பார், மறுபடி காட்டி ஒப்பிடுவார். சுழி கொஞ்சம் ஒல்லியாகத் தெரிந்தால் அங்கேயே திருத்துவார். அந்த ஓவியரின் கை அப்படியே வந்திருந்தது. பார்த்ததும் அப்பாவுக்குப் பேச்சே வரவில்லை.

சரி, ஃபைல் கையில் வந்ததும் நீங்களே பார்க்கலாம். நிறம் இல்லாமல் கோடுகளை மட்டும் காட்ட, கோரலில் வியூ மெனுவில் ஒயர்ஃப்ரேம், இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல் ஒய். கோடு கோடாகத் தெரிந்தால் வெக்டர். இல்லஸ்ட்ரேட்டரில் படத்துக்குப் பதில் வெறும் செவ்வகம் வந்தால் அது ஏமாற்று வேலை. எந்த சாஃப்ட்வேரும் இல்லையென்றால் எஸ்விஜியாகக் கேட்டு வாங்கி நோட்பேடில் திறங்கள். ‘பாத்’ (path) என்ற சொல் நிறைய வந்தால் நல்லது. ‘இமேஜ்’ (image), ‘பேஸ்64’ (base64) என்று தொடங்கி அர்த்தமில்லாத எழுத்துகள் பக்கம் பக்கமாகப் போனால் உள்ளே இருப்பது படம். ஆட்டோ ட்ரேஸும் கோடாகத்தான் தெரியும் என்பதால், ஒரு எழுத்தைப் பெரிதாக்கி நோட்டுகளையும் காட்டச் சொல்லுங்கள்.

அதே முன்-பின் மாதிரிப் படங்களோடு வேறு பெயரில் இன்னொரு பக்கம் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. ஜேபெக்கைப் பார்த்து மீதிப் பணம் அனுப்பாதீர்கள். ஒயர்ஃப்ரேமின் ஸ்க்ரீன்ஷாட்டும், லேயர் பட்டியல் தெரியும் ஸ்க்ரீன்ஷாட்டும் முதலில் கேளுங்கள். இரண்டையும் அனுப்ப மறுக்கிறவரிடம் அட்வான்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.